கறுப்பு உடுத்திய பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துத் தனியே வைத்திருந்தேன். பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியது. பெயரும் தோட்டமும் வெளியே வரவேண்டாம் என்று அவரே கேட்டுக் கொண்டிருக்கிறார். மூத்த மகள் பட்டணத்தில் வேலை பார்க்கிறாள். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. மாதம் தவறாமல் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறாள். ஆனால் லீவுக்கு வரும்போது தலை முதல் கால் வரை கறுப்பு. நகத்தில் கறுப்பு, உதட்டில் கறுப்பு, கண்ணைச் சுற்றிக் கரி அப்பியது போல மை. கழுத்துச் சங்கிலியில் ஒரு வௌவால் வேறு தொங்குகிறதாம்.

"பள்ளி விடுமுறையில் எல்லாரும் கெந்திங் மலைக்குப் போகலாம் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லி விட்டோம். செலவு முழுதும் மூத்தவளுடையது. ஆனால் இவளை இந்தக் கோலத்தில் பக்கத்தில் வைத்துக் கொண்டு நாலு பேர் நடுவே எப்படி அக்கா நடப்பது? அவள் அப்பா வரமாட்டேன் என்று சொல்லி விட்டார்" என்று எழுதியிருக்கிறார்.

இதற்கு நான் நியாயம் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு அந்தச் சகோதரி தாமே முடிவு செய்து கொள்ளட்டும்.

2014-இல் நானும் என் மூத்த அக்காளும் அமெரிக்காவில் கலிபோர்னியாவுக்குப் போயிருந்தோம். அக்காள் மகன் அங்கே குடும்பத்தோடு இருக்கிறான். அக்காளுக்கு அப்போது வயது 71. பதினான்கு வயதில் கித்தாக்காட்டில் கத்தி பிடித்தவள். முப்பத்தாறு வயதில் அத்தானைப் பறிகொடுத்தாள். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பால் வாளி சுமந்து சுமந்தே அவனைப் பொறியியல் படிப்புக்குக் கொண்டு போய் நிறுத்தினாள். அந்தக் கதை பெரியது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

விமான நிலையத்தில் பேத்தி எங்களை அழைக்க வந்திருந்தாள். பதினாறு வயதுப் பெண். தரையைக் கூட்டும் கறுப்புப் பாவாடை, லேஸ் வைத்த கறுப்பு ரவிக்கை, கறுப்பு உதடு. "பாட்டி!" என்று ஓடி வந்து கட்டிக் கொண்டாள். அக்காள் கையைத் தூக்கவே இல்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக் கொண்டே வந்தாள்.

இரவில் மருமகள் மெல்ல விளக்கம் சொன்னாள். "கோத்" என்பது அந்தப் பிள்ளைகளின் கூட்டத்துக்குப் பெயராம். 1970-களின் கடைசியில் இங்கிலாந்தில் சோகமும் இருட்டும் கலந்த ஒருவகைப் பாட்டுக் குழுக்கள் கிளம்பின. அவற்றின் ரசிகர்களிடமிருந்து பிறந்த பழக்கம் இது. லண்டனில் சோகோ என்ற பகுதியில் 1982-இல் "பேட்கேவ்" என்று ஒரு இசைக் கூடம் திறந்தார்கள். பெயருக்குப் பொருள் வௌவால் குகை. அங்கிருந்துதான் இந்த உடையும் ஒப்பனையும் நாலா பக்கமும் பரவினவாம். உடை பெரும்பாலும் அந்தக் காலத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் துக்க உடையைப் பார்த்துச் செய்தது. விக்டோரியா மகாராணி 1861-இல் கணவரை இழந்தார். 1901-இல் தாம் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கறுப்பையே உடுத்தினார். ராணி உடுத்தினால் ஊர் சும்மா இருக்குமா? துக்க உடைக்கென்றே தனிக் கடைகள் இருந்தன.

மருமகள் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். "துக்க உடை" என்ற சொல்தான் அக்காளுக்கு நெருப்பாகி விட்டது.

"எனக்கு முப்பத்தாறு வயசு. நாலு பொம்பளைங்க சேர்ந்து கையைப் பிடிச்சு வளையலை உடைச்சாங்க. பொட்டை அழிச்சாங்க. வெள்ளைத் துணியைக் குடுத்தாங்க. நான் கேட்டா வாங்கினேன்? இவ என்னடான்னா காசு குடுத்துத் துக்கத்தை வாங்கிக் கட்டிக்கிட்டு நிக்கிறா!"

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தாள் என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்குத் தமிழ் பேசத்தான் கொஞ்சம் தடுமாற்றம், புரியாமல் இல்லை.

மகனுக்கு வேறு பயம். 1999 ஏப்ரலில் அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் என்ற உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் அன்று உயிரிழந்தார்கள். நீண்ட கறுப்பு அங்கி, கறுப்பு உடை, கோத் கூட்டம் என்று பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் முடிச்சுப் போட்டுப் பேசின. சுட்டவர்கள் இருவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே அல்லர் என்பது பின்னால் தெளிவாயிற்று. ஆனால் அதற்குள் ஊர் ஊராகக் கறுப்பு உடுத்திய பிள்ளைகளைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. "பதினைந்து வருஷம் ஆச்சு சின்னம்மா. இன்னும் இவ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது எனக்கு நெஞ்சு அடிக்குது. இவ யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டா. இவளை யாராவது என்ன நினைப்பாங்களோ, என்ன செய்வாங்களோன்னுதான்" என்றான்.

அந்தப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை டிஸ்னிலேண்டில் எங்கள் ஆட்கள் எல்லாம் கூடுகிறார்கள். பாட்டி, சின்னப் பாட்டி, அப்பா, அம்மா, தம்பி, எல்லாரும் என்னோடு வரவேண்டும். அவ்வளவுதான்.

அக்காள் வரமாட்டேன் என்றாள். ஆனால் டிக்கெட் முன்பே வாங்கியாகி விட்டது. ஒரு ஆளுக்குத் தொண்ணூறு டாலருக்கு மேல், நம் பணத்தில் முந்நூறு வெள்ளிக்குப் பக்கம் என்று நான் சொன்னதும் அக்காள் சேலையை மாற்றப் போய்விட்டாள். காசு வீணாவதை அவளால் பொறுக்க முடியாது. நானும் அதை நம்பித்தான் சொன்னேன்.

டிஸ்னிலேண்டு அனஹைம் என்ற ஊரில் இருக்கிறது. 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பாக இருந்த இடம். 1955 ஜூலை 17-ஆம் நாள் திறந்தார்கள். அதைக் கட்டிய வால்ட் டிஸ்னிக்கு அந்த யோசனை வந்த விதம் எனக்குப் பிடித்தது. அவர் தம் இரண்டு மகள்களையும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போவாராம். பிள்ளைகளைக் குடைராட்டினத்தில் ஏற்றி விட்டுத் தாம் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக் கொண்டிருப்பாராம். பிள்ளைகள் ஆடுகிறார்கள், பெற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஆட ஓர் இடம் இருக்கக் கூடாதா என்று அங்கேதான் நினைத்தாராம். திறந்த புதிதில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர்தான், ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு.

குடும்பத்துக்காக என்று கட்டிய அந்த இடத்திலும் எல்லாருக்கும் கதவு திறந்து இருந்ததில்லை. 1960-களில் நீண்ட முடி வைத்த இளைஞர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். 1970 ஆகஸ்ட் 6-ஆம் நாள் "இப்பி" என்ற இளைஞர் கூட்டத்தார் சுமார் 300 பேர் உள்ளே புகுந்து கலாட்டா செய்ததில் அன்று பூங்காவையே நேரத்தோடு மூடும்படி ஆயிற்று.

கறுப்பு உடுத்திய பிள்ளைகள் அப்படிச் செய்யவில்லை. 1999-இல், அதாவது அந்தப் பள்ளிக்கூடத் துயரம் நடந்து கறுப்பு உடை என்றாலே ஊர் முறைத்துப் பார்த்த அதே ஆண்டில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கோத் பிள்ளைகள் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு டிக்கெட் வாங்கி வரிசையில் நின்று உள்ளே போனார்கள். "பேட்ஸ் டே" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள், வௌவால் நாள். பூங்காக்காரர்கள் நடத்திய விழா அல்ல. இவர்களாகவே வருவது, ராட்டினம் ஏறுவது, சேர்ந்து படம் எடுத்துக் கொள்வது, வீட்டுக்குப் போவது. அவ்வளவே. அது ஆண்டுதோறும் நடந்து, சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும் அளவுக்கு வளர்ந்தது. முதலில் வந்த இளவட்டங்கள் கல்யாணம் செய்து கொண்டு, அடுத்த முறை தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்தார்கள்.

வாசலில் ஒரு சங்கடம். பூங்காவில் உடைக்கு விதிகள் உண்டு. பதினான்கு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் வேஷம் கட்டி வரக்கூடாது. தரையில் இழுபடும் உடையும் கூடாது. பேத்தியின் பாவாடை இழுபட்டது. வீட்டில் ஒட்டிப் பார்த்தாளாம், வழியில் பிரிந்து விட்டது. பின்னால் வரிசை நீண்டு கொண்டே போகிறது, மருமகள் கைப்பையைக் குடைகிறாள், மகன் நேரத்தைப் பார்க்கிறான். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கண்மை கரைந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அக்காள் ஒன்றும் சொல்லவில்லை. சேலையின் உள்மடிப்பில் எப்போதும் மூன்று நான்கு ஊக்கு குத்தி வைத்திருப்பாள், மரம் வெட்டப் போன காலத்துப் பழக்கம். அப்படியே தரையில் குந்தி உட்கார்ந்து பாவாடை ஓரத்தைச் சுற்றி மடித்துக் குத்தினாள். எழுந்திருக்கும்போது முட்டி வலிக்குப் பேத்தியின் தோளைத்தான் பிடித்தாள். பிடித்ததும் விட்டுவிட்டாள். பேச்சு இல்லை.

உள்ளே போனால், சகோதரிகளே, நான் என்னவென்று சொல்வேன்! ஒரு பக்கம் பலூனும் மிக்கி எலியும் மஞ்சளும் சிவப்புமாக வெள்ளைக்காரக் குடும்பங்கள். அதற்கு நடுவே வரிசை வரிசையாகக் கறுப்பு. கொளுத்துகிற வெயிலில் கறுப்பு லேஸ் குடை பிடித்த பெண்கள், உயரத் தொப்பி வைத்த ஆண்கள். ஊதா நிறத் தலைமுடியோடு என் வயதில் ஒருத்தி. கை முழுக்கப் பச்சை குத்திய ஒரு தடியன் தோளில் ஒரு குழந்தை உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறது, அது வழிந்து அவன் கறுப்புச் சட்டையெல்லாம் வெள்ளை. அவன் துடைத்துக் கொள்ளக்கூட இல்லை. இன்னொருத்தி தள்ளுவண்டிக்குக் கறுப்புத் திரை போட்டு உள்ளே கைப்பிள்ளையைத் தூங்க வைத்திருந்தாள். அக்காள் அந்தத் திரையை விலக்கிப் பார்த்தாள். "வெயில் படாம நல்லாத்தான் கட்டியிருக்கா" என்றாள். காலையிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. ஒரு குடும்பம் எங்களைக் கண்டதும் தம் பிள்ளைகளை இழுத்துக் கொண்டு ஒதுங்கிப் போயிற்று. இரண்டு பையன்கள் பேத்தியைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மகன் கையை முறுக்கினான். அவள், "வேணாம்பா, தினமும் நடக்கிறதுதான்" என்றாள்.

தினமும் நடக்கிறது என்று அவள் சாதாரணமாகச் சொன்னது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்போதுதான் சோஃபி லங்காஸ்டர் என்ற பெண்ணைப் பற்றித் தெரிந்தது. இங்கிலாந்தில் லங்காஷயரைச் சேர்ந்தவள், வயது 20. 2007 ஆகஸ்டில் பேக்கப் என்ற சிற்றூரில் ஒரு பூங்கா வழியாக இரவில் தன் காதலனோடு போய்க் கொண்டிருந்தாள். இருவரும் கோத் உடையில் இருந்தார்கள். ஒரு கூட்டம் பையன்கள் முதலில் அவனை அடித்து வீழ்த்தினார்கள். அவள் அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக் கொண்டு மறைத்தாள். அவளையும் அடித்தார்கள். அவன் பிழைத்துக் கொண்டான். அவள் 13 நாள் நினைவு திரும்பாமல் கிடந்து இறந்து போனாள். அவர்கள் அந்தப் பையன்களுக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை, உடை வேறாக இருந்தது, அவ்வளவுதான்.

அவளுடைய தாய் சில்வியா லங்காஸ்டர் அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசினார். 2022-இல் இறக்கும் வரை அதுவே அவர் வேலை. 2013-இல் மான்செஸ்டர் வட்டாரப் போலீஸ் ஒரு முடிவு எடுத்தது. நிறத்துக்காகவும் மதத்துக்காகவும் அடிப்பதை எந்தக் கணக்கில் எழுதுகிறார்களோ, உடையும் பழக்கமும் வேறு என்பதற்காக இப்படிப்பட்ட பிள்ளைகளை அடிப்பதையும் அதே கணக்கில் எழுதுவது என்று. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மகன் நெஞ்சு அடிக்கிறது என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

சரி, பூங்காவுக்கு வருவோம். அந்தக் கூட்டத்துக்குக் கோயில் மாதிரி ஒரு கட்டடம் அங்கே இருக்கிறது. "ஹாண்டட் மேன்ஷன்" என்ற பேய் மாளிகை. வெளியே பார்த்தால் தூணும் தாழ்வாரமுமாகத் தோட்டத் துரை பங்களா போலச் சுத்தமாக இருக்கிறது. டிஸ்னிதான் அப்படிச் சொல்லிவிட்டாராம், பேய் வீடு என்றாலும் என் பூங்காவில் பாழடைந்த வீடு நிற்கக் கூடாது என்று. வெளிக்கட்டடம் 1963-இலேயே எழும்பிவிட்டது. உள்ளே என்ன வைப்பது என்று முடிவாகாமல் ஆண்டுகள் ஓடின. 1966 டிசம்பரில் டிஸ்னி இறந்தார். 1969 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். உள்ளே 999 பேய்கள் குடியிருப்பதாகவும், ஆயிரமாவதுக்கு இடம் காலியாக இருப்பதாகவும் கணக்கு.

மருமகளுக்குக் கொஞ்சம் பயம். அக்காள் சிரித்தாள். காலை நாலு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு, சுடுகாட்டு ஓரமாகத் தன்னந்தனியே நிரைக்குப் போனவளுக்குப் பேய் வீடு ஒரு பொருட்டா? "நான் முனியையே பாத்தவ" என்று சொல்லிக் கொண்டு முன்னால் நடந்தாள்.

முதலில் ஓர் எட்டு மூலை அறையில் எல்லாரையும் அடைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். சுவர் மேலே மேலே நீளுகிறது, சுவரில் மாட்டிய படங்களும் நீளுகின்றன. உண்மையில் நாம் நிற்கும் தரைதான் கீழே இறங்குகிறது. அது ஒரு பெரிய லிப்ட். பேய்க் காட்சிகள் இருக்கும் பெரிய கட்டடம் பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு அப்பால் இருக்கிறது. ஆட்களைத் தண்டவாளத்துக்கு அடியில் கொண்டு போவதற்குச் செய்த தந்திரம் அது.

அந்தப் படங்களில் ஒன்று, கையில் ரோஜாவோடு புன்சிரிப்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு வயதான அம்மாள். படம் நீள நீளப் பார்த்தால், அந்த அம்மாள் உட்கார்ந்திருப்பது ஒரு கல்லறையின் மேல். அதில் ஓர் ஆணின் தலைச் சிலை, உச்சந்தலையில் கோடாலி. அக்காள் என்னைப் பார்த்து, "யாரு, புருஷனா?" என்றாள். பேத்தி, "ஆமாம் பாட்டி" என்றாள். இருட்டில் அக்காள் முந்தானையை வாயில் அடைத்துக் கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நான் பார்த்தேன். அத்தான் தங்கமான மனிதர், அதைத் தப்பாக எடுத்துக் கொள்ள வேண்டாம். ஆனால் கைம்பெண் ஒருத்தி ரோஜாப் பூவோடு சிரிக்கிற படத்தை அக்காள் தன் ஆயுளில் பார்த்ததில்லை.

பிறகு கறுப்பு நிறத்தில் கூண்டு போன்ற வண்டிகள் சங்கிலித் தொடராக வருகின்றன. ஒரு வண்டியில் அக்காள், பேத்தி, நான். ஒரு பெரிய கூடத்தில் பேய்கள் ஜோடி ஜோடியாக நடனம் ஆடுகின்றன. உடம்பு வழியே பின்னால் உள்ள மேசை நாற்காலியெல்லாம் தெரிகிறது. எப்படி என்று அக்காள் கேட்டாள். பேத்தி தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். நமக்கும் கூடத்துக்கும் நடுவே மிகப் பெரிய கண்ணாடி நிற்கிறது. ஆடும் பொம்மைகள் நமக்கு மேலேயும் கீழேயும், கண்ணில் படாத இருட்டு இடத்தில் இருக்கின்றன. அவற்றின்மேல் விளக்கு அடித்தால், அந்த நிழல் கண்ணாடியில் விழுந்து கூடத்துக்குள் ஆடுவது போலத் தோன்றும். 1862-இல் லண்டனில் பெப்பர் என்ற விஞ்ஞான ஆசிரியர் மேடையில் காட்டிய வித்தை, இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இரவு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் நம் முகம் வெளியே ரப்பர் மரங்களுக்கு நடுவே மிதக்குமே, அதேதான்.

"அந்தப் பொம்மை இருக்கிற இடமெல்லாம் கறுப்புத் துணி கட்டியிருக்கும் பாட்டி. கறுப்பு இல்லைன்னா ஒண்ணும் தெரியாது" என்றாள் பேத்தி. சொல்லிவிட்டு மெதுவாக, "பாட்டி, அன்னிக்கு நீங்க பேசினது கேட்டுச்சு. நான் உங்களைக் கேலி பண்ணலை" என்றாள்.

அக்காள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள். "மரம் வெட்டப் போறப்ப நான் கட்டினதும் கறுப்புதான் கண்ணு. புதுசா இருக்கறப்ப என்ன நிறமோ, பால் பட்டுப் பட்டுக் காஞ்சு கறுத்துப் போயிடும். துவைச்சாலும் போகாது. விறைச்சுக்கிட்டு நிக்கும். பட்டணத்துக்கு பஸ் ஏறினா பக்கத்துல உக்காந்தவங்க மூக்கைப் பொத்திக்கிட்டு எழுந்திருச்சுப் போவாங்க."

எனக்கே அது மறந்து போயிருந்தது. நானும் அந்தத் துணியோடு பஸ்ஸில் போனவள்தான்.

கடைசியில் ஒரு நிலைக்கண்ணாடி வரிசையைக் கடந்து போகிறோம். நம் வண்டியில் நம்மோடு ஒரு பேய் உட்கார்ந்திருப்பது போலக் கண்ணாடியில் தெரிகிறது. எங்கள் வண்டியில் அது அக்காளுக்கும் பேத்திக்கும் நடுவே உட்கார்ந்து பல்லைக் காட்டியது. அக்காள் அதைக் கையால் தள்ளுகிற மாதிரி செய்து, பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக் கொண்டாள். வண்டி வெளிச்சத்துக்கு வந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது கூட்டம் கோட்டையை நோக்கிப் போய்க் கொண்டிருந்தது. "ஸ்லீப்பிங் பியூட்டி" கோட்டை என்று, நீலக் கோபுரங்களோடு பொம்மைக் கோட்டை போல இருக்கும். அதன் முன்னால் எல்லாரும் சேர்ந்து நின்று படம் எடுப்பதுதான் அந்த நாளின் பெரிய காரியம். பேத்தி அக்காளின் கையைப் பிடித்தாள். அக்காள் கையை உருவிக் கொண்டு பின்னால் வந்து என் பக்கத்தில் நின்று விட்டாள்.

நம் பெண்களுக்கு இது புரியும். அக்காள் முப்பத்தாறு வயதுக்குப் பிறகு எந்த நல்ல காரியத்திலும் படத்துக்கு நின்றதில்லை. சொந்த மகன் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத் தூணுக்குப் பின்னால் நின்றவள். கல்யாண ஆல்பத்தில் மேடைப் படம் ஒன்றில்கூட அவள் கிடையாது. யாரும் போகச் சொல்லவில்லை. அவளாகவே போய்விடுவாள். போவாள் என்று நாங்களும் விட்டுவிடுவோம். நானும் விட்டிருக்கிறேன்.

உயரத் தொப்பி வைத்த ஒருவன் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். ஊதாத் தலைமுடிக்காரி வந்து அக்காளின் வெள்ளைச் சேலையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னாள். "முன்னால வந்து நில்லுங்க, நீங்க நடுவுல நின்னா ரொம்ப அழகா இருக்கும்னு சொல்றாங்க பாட்டி" என்றாள் பேத்தி. அக்காள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? "போக்கா" என்றேன்.

போனாள். அத்தனை கறுப்புக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைச் சேலை. பக்கத்தில் பேத்தி, பாவாடை ஓரத்தில் ஊக்குகள் பளபளக்க. மகன் தூரத்தில் நின்று தானும் ஒரு படம் எடுத்தான். எடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டான்.

அந்தப் படம் அக்காள் வீட்டில் சாமி மேடைக்குப் பக்கத்துச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அக்காளுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. வருகிறவர்கள் பார்த்துத் திடுக்கிட்டு, "ஏதாவது சாவு வீட்ல எடுத்ததா?" என்று கேட்பார்கள். "ச்சீ, பேத்தியோட ராட்டினம் ஏறப் போனப்ப எடுத்தது" என்பாள்.

நிற்க. பேராக் சகோதரிக்கு: கெந்திங்கில் மாலையில் குளிரும், சின்னப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை மறக்க வேண்டாம். மகளின் பாவாடை நீளமாக இருந்தால் ராட்டினத்தில் சிக்கும். கையோடு நாலைந்து ஊக்கு எடுத்துப் போங்கள்.